மிதுனம் பூமிக்குக் கீழே இருந்தபோது

டிசம்பர் 1

இதை எழுத எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. நான் குறட்டை விடுவேன். சாதாரணக் குறட்டை இல்லை. பாரம் ஏற்றிய லாரி மேட்டில் கியர் மாற்றுகிற மாதிரி. இந்த விஷயம் என் வீட்டுக்காரருக்கு முப்பது வருஷமாகத் தெரியும். நல்ல மனுஷர், வெளியே மூச்சு விட்டதில்லை. கோவில்பட்டி முழுக்கத் தெரியவைத்தவர் தளவாய் அண்ணாச்சி.

போன டிசம்பரில் மிதுன ராசிப் பக்கமிருந்து எரிமீன்கள் விழுகிற அந்த ராத்திரி, வழக்கம்போல மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தேன். எங்கள் முறை இதுதான்: வானத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, அதனால் எழுத முடியாது, அதனால் வாய்ப் பக்கத்தில் ஒரு ரெக்கார்டர். "பத்து நாலு, ஒண்ணு, மிதுனம், நல்ல வெளிச்சம்" என்று சொல்லிக்கொண்டே போகவேண்டும். அன்றைக்குப் பார்த்து முழு நிலா. வானம் கழுவிவிட்ட வெண்கலப் பானை மாதிரி இருந்தது, ஒன்றும் விழவில்லை. ஒரு மணி சுமாருக்கு நான் விழுந்தேன். எழுந்தபோது இரண்டு நாற்பது. காலையில் படிவத்தில் அந்த நேரத்துக்கு எதிரே முப்பத்தொன்று என்று போட்டேன். ஏன் முப்பத்தொன்று என்று கேட்டால், முப்பது என்றால் இட்டுக்கட்டியது மாதிரி இருக்கும்.

ரெக்கார்டரின் மெமரி கார்டையும் படிவத்தோடு சேர்த்து, எங்கள் பிரிவில் படிவங்களைத் தொகுக்கிற அண்ணாச்சியிடம் நானே கொடுத்தேன். என் கைக்குச் சூடு போடவேண்டும்.

கரிசல் வான்நோக்கர் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால், "டெய்லரம்மா ஒரு மணிக்கு மேல பாத்த முப்பத்தோரு எரிமீனும் இதுதான்" என்று சொல்லி ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார். விருந்தாளியாக வந்த கல்வி அலுவலருக்குச் சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்தது. பதினொரு வருஷமாக எரிமீன் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவள் நான். அன்றே பதவி போயிற்று. அண்ணாச்சிக்குக் கொடுத்தார்கள்.

இந்த வருஷம் செயலாளர் எட்வர்ட் சார் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். பதினாலாம் தேதியை ஒட்டி நான் கண்ணால் எண்ணவேண்டும், அண்ணாச்சி ரேடியோவால் எண்ணவேண்டும். இருபத்தெட்டாம் தேதிக் கூட்டத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எது நம்பத் தகுந்ததோ, அந்த ஆளுக்குப் பொறுப்பு.

பதவி எனக்குத் திரும்ப வரவேண்டும். அதைவிட முக்கியம், அது அவரிடமிருந்து நாற்பது பேர் முன்னால் போகவேண்டும்.

டிசம்பர் 3

கிறிஸ்துமஸ் பிளவுஸ் பதினெட்டு, பொங்கலுக்கு இதுவரை நாற்பத்தொன்று. நூல்கண்டு கடைக்காரன் மெரூன் இல்லை என்கிறான்.

அண்ணாச்சி சம்சாரம் செண்பகம் மைனி அளவு கொடுக்க வந்தார்கள். பிளவுஸ் தைப்பதில் ஒரு வசதி, டேப்பை உடம்பில் சுற்றினால் வீட்டு விஷயம் தானாக வரும்.

"மாடில என்ன மைனி, புதுசா கம்பி கம்பியா நிக்கு?"

"அத ஏன் கேக்க. மீன் முள்ளு மாதிரி ஒண்ண வாங்கி நட்டிருக்காரு. வடகம் காயப்போட எடமில்ல. புனேல உள்ள ரேடியோ டேசனைக் கேக்காராம். இங்க உக்காந்து புனே எப்படிக் கேக்கும்னா, கேக்காது, அதுதான் விசேசம்ங்காரு."

மைனி சொன்னது சரி. நான் அந்த முறையை நன்றாகவே படித்துவைத்திருக்கிறேன், எதிரி ஆயிற்றே. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள எஃப்.எம். நிலையம் இங்கே கேட்காது, வெறும் இரைச்சல்தான் வரும். நடுவானத்தில் ஒரு எரிமீன் எரிந்துபோனால் அந்தப் புகைக்கோட்டில் அலை பட்டுத் திரும்பி இங்கே இறங்கும். அரை வினாடிக்கு மராத்திப் பாட்டில் ஒரு துணுக்கு. திரும்ப இரைச்சல். ஒரு துணுக்கு, ஒரு எரிமீன். கம்ப்யூட்டர் அதுவாகவே எண்ணிக்கொள்ளும்.

மேகம் வந்தாலும் அவருக்குக் கவலையில்லை, நிலா வந்தாலும் கவலையில்லை, பகலிலும் கேட்கும். ஆள் தூங்கலாம். அதுதான் எனக்கு ஆகவில்லை. தூங்கினவளைப் பார்த்துச் சிரித்த மனுஷர், தூங்கிக்கொண்டே எண்ணுகிறார்.

கண் பொய் சொல்லாது. கண்ணுக்குச் சொந்தக்காரி சொல்லலாம், அது வேறு.

"எந்த நம்பர்ல மைனி கேக்காரு?" என்றேன், தோள் அளவை எழுதிக்கொண்டே.

சொன்னார்கள். அதையும் எழுதிக்கொண்டேன். தோள் பதினாலரை, புனே தொண்ணூற்றொன்று புள்ளி ஏழு.

டிசம்பர் 4

மெரூன் நூல் கிடைத்தது.

டிசம்பர் 7

என் வீட்டுக்காரரின் லோடு வேனில் ரேடியோ ரொம்பப் பழசு, பென்டிரைவ் சொருக வழியில்லை. அதனால் சிகரெட் லைட்டர் ஓட்டையில் ஒரு சின்ன டப்பாவைச் சொருகி வைத்திருக்கிறார். ஃபோனில் ஓடுகிற பாட்டை அந்த டப்பா சொந்தமாக ஒரு எஃப்.எம். நிலையம் மாதிரி அனுப்பும், வண்டி ரேடியோ அதை வாங்கிப் பாடும். எந்த எண்ணில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வாசலிலிருந்து அண்ணாச்சி வீடு நாலாவது.

இன்று மத்தியானம் முழுக்க இதை நினைத்துக்கொண்டே இரண்டு கை ஓட்டைகளையும் ஒரே பக்கம் தைத்துவிட்டேன். பிரிக்கவேண்டும்.

டிசம்பர் 9

திட்டம் தயார். மறதி எனக்கு உண்டு, அதனால் எழுதிவைக்கிறேன்.

மிதுனம் காலை ஒன்பதுக்குள் மேற்கே இறங்கிவிடும். திரும்ப எழ ராத்திரி எட்டு ஆகும். மத்தியானம் இரண்டரைக்கு அது பூமிக்குக் கீழே, அமெரிக்காக்காரன் தலைக்கு மேலே கிடக்கும். அந்த நேரத்தில் அண்ணாச்சியின் கருவி மட்டும் எரிமீன் மழை என்று எண்ணினால்? கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன். இரண்டாவது கேள்விக்கு வேலை இருக்காது.

ஃபோனில் மராத்திப் பாட்டு என்று தேடி ஒன்றை இறக்கினேன். எழுத்து வடக்கத்தி எழுத்து. குரல் கணீர் என்று இருக்கிறது. டப்பாவைப் புனே எண்ணிலிருந்து ஒரு எண் தள்ளி வைத்துக்கொண்டு, பட்டனை ஒரு தட்டு மேலே, ஒரு தட்டு கீழே. அரை வினாடிக்கு மட்டும் பாட்டு அவர் கருவியில் விழும். தையல்காரிக்கு விரல் சொன்னபடி கேட்கும்.

வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு இரண்டிலிருந்து நாலுவரை தூங்குவார். வேன் வாசலில் சும்மா நிற்கும். எல்லாம் கூடிவருகிறது.

டிசம்பர் 12

வேனுக்குள் சரியான வெக்கை. நாற்பது முறை தட்டினேன். பாதியில் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

"ஏட்டி, வண்டிக்குள்ள என்ன செய்யுத?"

"சீட் கவர் கிழிஞ்சிருக்கு, அளவு எடுக்கேன்."

"மூணு வருசமா கிழிஞ்சிதான கெடக்கு."

இப்போது சீட் கவர் வேறு தைக்கவேண்டும்.

டிசம்பர் 13

ஐம்பத்திரண்டு. சீட் கவர் பாதி.

டிசம்பர் 15, காலை

நேற்று மத்தியானம் அறுபத்துமூன்று தட்டு. விரல் மரத்துப்போயிற்று.

ராத்திரி வேலை நேர்மையானது, அதைத் தனியாகச் சொல்லவேண்டும். பத்திலிருந்து விடிகாலை ஐந்தேகால் வரை ஒரு இமை மூடவில்லை. கையில் பச்சை மிளகாய். கண் சொருகினால் ஒரு கடி. அசந்தால் கிள்ளுவதற்காக வீட்டுக்காரரைப் பக்கத்தில் படுக்கவைத்தேன். அவர் பத்தே முக்காலுக்குத் தூங்கி, ரெக்கார்டரில் அவர் குறட்டை ஏற ஆரம்பித்தது. இதையும் என் கணக்கில் எழுதிவிடுவார்கள் என்று காலால் எத்திக் கீழே அனுப்பிவிட்டேன்.

மொத்தம் நூற்று நாற்பத்துமூன்று. மூன்று ஐந்திலிருந்து மூன்று ஐம்பது வரை மேகம். மேகம் என்றே எழுதினேன். திருந்திய ஜென்மம்.

ஐந்து ஏழுக்கு ஒன்று போயிற்று. பச்சை. வடக்கே பாதி வானத்தை ஒரே இழுப்பில் கிழித்துக்கொண்டு போய், போன பிறகும் கோடு அப்படியே நின்றது, சாக்பீஸால் கீறிவிட்ட மாதிரி. ரெக்கார்டரில் எண் சொல்ல மறந்து "ஆத்தி" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நாலு வீடு தள்ளி மாடியில் அண்ணாச்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் ரேடியோவில் அது கேட்டிருக்குமா என்று எட்டிப் பார்த்தேன். வேவு பார்க்கத்தான்.

டிசம்பர் 17

கடை வாசலில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையிலிருந்து அண்ணாச்சி வந்தார். காதில் ஹெட்ஃபோன், கையில் மூன்று குச்சி வைத்த சின்ன ஏரியல். பத்தடி நடப்பதும், நிற்பதும், கையை இப்படியும் அப்படியும் ஆட்டுவதுமாக வந்து எங்கள் வேன் பக்கத்தில் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, கோழி எதும் தொலைஞ்சிட்டா?"

"கோழி இல்ல டெய்லரம்மா. ஒரு சத்தம்."

"உள்ள வந்து உக்காருங்க. டீ சொல்லுதேன்."

வந்தார். ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டில பாட்டெல்லாம் உண்டோ?"

"உண்டு. ரேடியோ பழசு, அதான் சின்ன டப்பா ஒண்ணு சொருகிருக்காரு." இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் என்னுடையது, ஆனால் சாவி என்னிடம் இல்லை.

"குஜராத்திப் பாட்டு உண்டோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரருக்குத் தமிழ்ப் பாட்டே ரெண்டு வரிக்கு மேல தெரியாது அண்ணாச்சி."

"இல்ல, புனேல எட்டு வருசம் டெலிபோன் எக்சேஞ்சுல இருந்தேன்லா, மராத்தி நல்லாத் தெரியும். நான் கேக்க டேசன் மராத்தி டேசன். ஆனா மூணு நாளு மத்தியானம் மட்டும் குஜராத்தில பாடுச்சு. அதுவும் ஒரே பாட்டு. திரும்பத் திரும்ப அந்த ஒரே பாட்டு."

"அங்க ஆள் மாத்திருப்பாங்க."

"இருக்கும்" என்றார். டீயைக் குடித்து முடித்துக் கிளாசை மெஷின் மேல் வைக்காமல் தரையில் வைத்தார், துணியில் கறை படும் என்று. "அந்த அஞ்சு ஏழு பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தேன்" என்றேன்.

"ம்" என்று சொல்லிவிட்டு ஏரியலை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

பாவம், இத்தனை அலைந்தும் ஒன்றும் பிடிபடவில்லை. மராத்திக்கும் குஜராத்திக்கும் வித்தியாசம் தெரியாத காது. இதை நம்பி ஒரு பிரிவையே கொடுத்திருக்கிறார்கள். அவர் போன பிறகு ஃபோனை எடுத்து அந்தப் பாட்டின் பெயரைப் பார்த்தேன். வடக்கத்தி எழுத்து எனக்கு எல்லாம் ஒன்றுதான். அழித்துவிட்டேன். இடம் அடைத்துக்கொண்டிருந்தது.

டிசம்பர் 18

இரண்டு பேர் படிவமும் எட்வர்ட் சாரிடம் போய், ஒருவர் நகல் இன்னொருவருக்கு வந்தது. செண்பகம் மைனியின் பிளவுஸை இன்றே தைத்து முடித்தேன். கழுத்தில் பைப்பிங், கையில் சின்ன லேஸ். காரணம் ஒன்றும் இல்லை, லேஸ் மிச்சமிருந்தது.

டிசம்பர் 20

மைனி வந்து போட்டுப் பார்த்தார்கள்.

"ஊருக்கெல்லாம் பொங்கலுக்குப் பொறவுன்னு தவண சொல்லுத, எனக்கு மட்டும் இப்பவேயா? லேஸ் வேற."

"உங்களுக்குத் தைக்காம யாருக்கு மைனி தைக்கப் போறேன். அண்ணாச்சி எப்படி இருக்காக? எதும் சொன்னாகளா?"

"என்னத்தச் சொல்ல. உன் சீட்டையும் அவரு சீட்டையும் பக்கத்துல வச்சிக்கிட்டு டிக் போட்டுட்டு இருக்காரு. ரெண்டும் ஒண்ணா வந்துட்டா கைதட்டுதாரு. தனியா உக்காந்து கைதட்டுத ஆம்பளைய வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய."

லேஸுக்குக் காசு வாங்கவில்லை.

டிசம்பர் 24

கிறிஸ்துமஸ் பிளவுஸ் பதினெட்டும் போயிற்று. ஊசி இரண்டு உடைந்தது. தூக்கம் சரியில்லை. வேலைதான் காரணம்.

டிசம்பர் 28

முடிந்தது. நிதானமாக எழுதவேண்டும்.

பள்ளிக்கூட ஹாலில் முப்பத்தெட்டு பேர். நான் அரக்குக் கலர் பட்டு. அண்ணாச்சி சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு போய்ப் படத்தைத் திரையில் போட்டார். ராத்திரி எட்டுக்குக் கோடு மெதுவாக ஏறுகிறது, இரண்டு மணிக்கு உச்சி, விடியவிடிய இறக்கம்.

"கருவிக்கு மேகம் கெடையாது. ஆனா கருவிக்கு நெறம் தெரியாது, எந்தத் திசைன்னு தெரியாது, அழகா இருந்துச்சான்னு கேட்டா முழிக்கும். அதுக்கு டெய்லரம்மா சீட்டைத்தான் பாக்கணும்" என்றார். "அவங்க கண்ணும் என் கருவியும் ஒரே நிமிசத்துல ஒத்துப்போனது பதினேழு."

அப்புறம் ஐந்து மணி ஏழு நிமிஷத்துப் பதிவை ஓடவிட்டார். இரைச்சல். திடீரென்று தெளிவாக ஒரு ஆள் பேசுகிறான், மராத்தியில், பக்கத்து அறையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. பத்தொன்பது வினாடி. அப்புறம் இரைச்சல் அவனை மூடிக்கொண்டது.

"விவசாய நிகழ்ச்சி. வெங்காய வெல சொல்லுதான்" என்றார் அண்ணாச்சி.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது. நான் "ஆத்தி" என்று சொன்ன அந்தப் பச்சைக் கோட்டின் முதுகில் ஏறி மராட்டிய வெங்காயம் கோவில்பட்டிக்கு வந்திருக்கிறது. அந்தப் பத்தொன்பது வினாடி எனக்கு அவர்மேல் கோபமே இல்லை. உடனே சரிசெய்துகொண்டேன்.

அடுத்த படத்தில் மத்தியானம் இருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று மூன்று நாளும் இரண்டரைக்கு மேல் ஒரு கோபுரம். அவர் அதைப் பேசாமல் தாண்டப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"அண்ணாச்சி, பதினாலாந் தேதி மத்தியானம் ரெண்டரைக்கு மிதுனம் எங்க இருந்துச்சு?"

"பூமிக்குக் கீழ."

"அப்போ அந்த அறுபத்துமூணும் பூமியத் தொளச்சிக்கிட்டு வந்துச்சோ?"

ஹால் சிரித்தது. எட்வர்ட் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படத்தின் பக்கத்தில் போய் நின்றார். "அறுபத்துமூணா? படத்துல நம்பர் இல்ல, சீட்டுலயும் ராத்திரிக் கணக்கு மட்டும்தான" என்றார் தனக்குள். நல்லவேளை, சிரிப்பில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"அது எரிமீன் இல்ல. பக்கத்துல உள்ள ஏதோ ஒரு கருவி" என்றார் அண்ணாச்சி.

"எங்க உள்ள கருவி?"

கேட்டிருக்கக் கூடாது. நாக்கு முந்திக்கொண்டது. அவர் என்னைப் பார்த்தார். முன்வரிசையில் செண்பகம் மைனி அந்த லேஸ் வைத்த பிளவுஸோடு உட்கார்ந்திருந்தார்கள், அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. போன வருஷம் அதே மின்விசிறிக்குக் கீழேதான் நான் உட்கார்ந்திருந்தேன்.

"தெரியல" என்றார். "தேடிப் பாத்தேன். கண்டுபிடிக்க முடியல. எங்கருந்து வருதுன்னு தெரியாத சத்தத்தை எண்ணிக் காட்டிட்டு நான் பொறுப்பாளரா இருக்கது சரியில்ல, சார். டெய்லரம்மா சீட்டுல மேகத்தைக்கூட மறைக்காம எழுதிருக்காங்க. அவங்கட்டயே குடுத்துருங்க."

ஒரு வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்த வசனத்தை அப்போது எடுத்துவிட்டேன். "எங்கொறட்டையாச்சும் எங்கொறட்ட. அண்ணாச்சிக்கு அவரு வீட்டு மாடிக்கு வந்த சத்தம் யாருதுன்னே தெரியல."

சுவர் அதிரச் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். அது ஒன்றுதான் திட்டத்தில் இல்லாதது.

நான் மறுபடி எரிமீன் பிரிவுப் பொறுப்பாளர். கைதட்டல், சால்வை, மிக்சர். வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு, "என்ன விசேசம்?" என்றார். சொன்னேன். "அவரு வந்து வண்டியப் பாத்துட்டுப் போனாருல்லா?" என்றார். கேசரியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

டிசம்பர் 31

செண்பகம் மைனி ஏற்கெனவே தைக்கக் கொடுத்திருந்த இரண்டு துணியைத் திருப்பி வாங்கிக்கொள்ள வந்தார்கள். உட்காரவில்லை.

"என்ன மைனி, அவசரம் இல்லியே, தைச்சுத் தாரேன்."

"வேண்டாம் ஆவுடை. நான் பஜார்ல குடுத்துக்கிடுதேன்."

"அண்ணாச்சி எப்படி இருக்காக?"

"நல்லா இருக்காரு. கம்ப்யூட்டரை மூடி வச்சுட்டாரு. அந்த மீன் முள்ளு சும்மாதான நிக்குன்னு கொடி கட்டிட்டேன். துணி நல்லாக் காயுது." வாசல் வரை போய்த் திரும்பினார்கள். "மத்தியானத்துல உங்க வண்டில பாட்டு கேக்கலியே இப்பம்."

பஜார் தையல்காரனுக்குக் கழுத்து வெட்டத் தெரியாது. போகட்டும், போட்டுப் பார்த்துவிட்டு வருவார்கள்.

ஜனவரி 4

நேற்று ராத்திரி வருஷத்தின் முதல் எரிமீன் பொழிவு. பொறுப்பாளர் என்ற முறையில் பாயோடு மேலே போனேன். முழு நிலா, அதற்கு மேல் மேகம். நேரம்: இரண்டிலிருந்து ஐந்து. எண்ணிக்கை: சுழி. மேகத்துக்கு மேலே என்ன நடந்தது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. நாலு வீடு தள்ளி அந்தக் கம்பியில் ஒரு சேலையும் இரண்டு வேட்டியும் தொங்கின.

மிளகாய் தேவைப்படவில்லை. தூக்கம் வரவில்லை.

ஜனவரி 6

பொங்கல் பிளவுஸ் இன்னும் இருபத்தாறு. சீட் கவர் தைத்து மாட்டியாயிற்று. அந்த டப்பா வேலை செய்யவில்லை என்று வீட்டுக்காரர் சொன்னார். விட்டுத்தள்ளுங்கள் என்றேன்.

ஜனவரி 9

எட்வர்ட் சார் ஆள் அனுப்பியிருந்தார். எல்லாப் பிரிவுகளும் வருஷா வருஷம் கொடுக்கிற படிவத்தை எழுதித் தரவேண்டுமாம். நல்ல பேனாவாக எடுத்து எழுதிக் கொடுத்தேன்.

பிரிவு: எரிமீன். பொறுப்பாளர்: சு. ஆவுடைத்தாய். பிரிவின் மொத்த உறுப்பினர்கள், பொறுப்பாளரையும் சேர்த்து: சென்ற ஆண்டு, இரண்டு. இந்த ஆண்டு, ஒன்று.